கேட்டுவிட்டுத் தொடுகிறவர்

குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் அறைக்குள் வந்ததும் அந்த டாக்டரம்மா முதலில் கையைக் கழுவுவார். ஈரம் காய்ந்ததும் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே கையை விடாமல் குனிந்து, “பாப்பா, தொடட்டுமா?” என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். முழங்கை நீளம்கூட இல்லாத அந்த உயிர் ஒரு விரலை அசைக்கும், அல்லது அசைக்காமல் கிடக்கும். இரண்டில் எதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்தால் மட்டும், “சரி, பொறவு வாரேன்” என்று அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

நர்ஸுகள் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த பெட்டியிலும் அதே கேள்விதான்.

எங்களுக்கெல்லாம் அவர் ரிசர்ச் டாக்டர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும், அதற்கு இப்போது வழியில்லை.

எனக்கு அப்போது ஏழாவது மாதம். கொல்லங்கோட்டுக்கு வெளியே எங்களுக்கு வயலும் தோப்பும் உண்டு. ஒரு நாள் காலையில் எழுந்தபோது கால் வீங்கி மெட்டி விரலை அறுத்தது. தலைவலி. கண்ணுக்குள் பொறி பொறியாகப் பறந்தது. ஊர் டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போக விடாமல் பாலக்காட்டுக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தையைச் சீக்கிரம் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள். என்னைச் சுற்றி நின்று எல்லோரும் மலையாளத்தில் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான், அன்று ஒரு சொல்லும் தலைக்குள் இறங்கவில்லை. அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் என் கணவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை, அதாவது அவருடைய அம்மா, என் காலைப் பிடித்தபடி சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் முகம் என் முகத்துக்கு நேராக வரும்படி உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் பொட்டில்லை, காதில் சின்னத் தோடு. நான் தமிழ் பேசுகிறவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“நான் உங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணுதவ. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இப்பக் கேக்கலாமா?”

அத்தை குறுக்கே வந்தார். “ஏனுங்க டாக்டரம்மா, எதுவானாலும் எம் பையங்கிட்டக் கேளுங்க. அவ மயக்கத்துல கெடக்கறா.”

“மயக்கம் இல்லம்மா. என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க சொல்லட்டும்.”

கேளுங்கள் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார். குழந்தையின் மூளை இன்னும் பழுக்கவில்லை. இவ்வளவு முன்னால் வெளியே வந்தால் அதிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியலாம். ரத்தம் போதாமல் கை காலை அசைக்கிற பகுதி கெடலாம். அதைக் காப்பாற்றத்தான் எனக்கு ஏற்கெனவே ஒரு ஊசி போட்டிருக்கிறார்கள். “உடம்பெல்லாம் தீ மாதிரி எரிஞ்சிருக்குமே, அது. அது எல்லாருக்கும் உண்டு.” அதற்கு மேலே இன்னொரு மருந்தை அவர்கள் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். சம்மதிக்கிற தாய்மாரில் பாதிப் பேருக்கு அந்த மருந்து ஏறும், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது.

“அது நல்ல மருந்துங்களா?” என்று கேட்டேன்.

“நல்லதுன்னு தெரிஞ்சா உங்ககிட்டக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டோம், எல்லாருக்கும் போட்டுருவோம். கெட்டதுன்னு தெரிஞ்சா யாருக்கும் போட மாட்டோம். தெரியலன்னுதான் கேக்கேன்.”

“அப்ப எங்க புள்ளைய வெச்சுச் சோதனை பண்றீங்களாங்க?” அத்தையின் குரல் உயர்ந்தது.

வேறு யாராயிருந்தாலும் அப்படியெல்லாம் இல்லை என்று மழுப்பியிருப்பார்கள். அவர் அத்தையைத் திரும்பிப் பார்த்து, “ஆமாம்மா, சோதனைதான்” என்றார். பிறகு என்னிடம், “வேண்டாம்னு சொன்னாலும் உங்களுக்குப் பாக்குற வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது. நான் எந்திரிச்சுப் போயிருவேன், அவ்வளவுதான்” என்றார்.

சரி என்றேன். மருந்தை நம்பிச் சொன்னதில்லை. அன்று காலையிலிருந்து என்னை இழுத்தார்கள், திருப்பினார்கள், குத்தினார்கள், கழற்றினார்கள். அந்த உடம்புக்குள் நான் இருக்கிறேன் என்று எண்ணி என்னிடம் ஒன்றைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

என் மகள் தர்ஷினி அன்று மாலை பிறந்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு வாரக்கணக்கில் அந்த அறையின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருந்தேன். அங்கேதான் அவரை அருகிலிருந்து பார்த்தேன். ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அவர் கேட்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவர் நன்றி சொல்லி எழுந்தார். ஆனால் அவளுடைய குழந்தையையும் தினம் பார்த்தார். அதே சூடாக்கிய கை, அதே கேள்வி. அந்தப் பெண்ணுக்கே அது ஆச்சரியம். “நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே, பொறவும் எதுக்கு வராங்க?” என்று என்னிடம் கேட்டாள்.

இன்னொருத்திக்கு வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது. அவள் கணவன் சம்மதம் சொன்னான், மருந்தோ உப்புத்தண்ணீரோ ஏதோ ஒன்று ஏறியது. அவளுக்கு நினைவு திரும்பிய அன்று இவர் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, “இனியும் ஆராய்ச்சியில இருக்கீங்களா?” என்று கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். அந்தக் குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பெரிய டாக்டர் வராந்தாவில் எல்லோர் முன்பும் அவரைக் கடிந்துகொண்டார். கணவன் சம்மதித்தாயிற்றே, இவளிடம் எதற்கு மறுபடி கேட்க வேண்டும் என்றார். இவர் கேட்டுக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “ஒரு ஆளு கொறைஞ்சா ஆராய்ச்சி கெட்டுராது” என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

இந்தக் கேட்கும் பழக்கம் எல்லா நேரத்திலும் கருணையாக இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு அடுத்த கட்டில்காரி கொழிஞ்சாம்பாறைக்காரி. தறி ஓட்டுகிற குடும்பம். அவளுடைய ஆண் குழந்தை பிறந்தபோதே மூச்சுக்குத் தவித்தது. பிறகு தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த ஒவ்வொரு முறையும் கசிவு பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில், மெஷின் மட்டும்தான் மூச்சு விடுகிறது, குழந்தை பிழைக்காது என்று டாக்டர்கள் முடிவுக்கு வந்தார்கள். மற்ற டாக்டர்கள் அவள் கணவனை அழைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ரிசர்ச் டாக்டர்தான் அவளிடம் வந்து அமர்ந்தார்.

“தம்பிக்கு இனிமே வலியத் தவிர ஒண்ணும் இல்லம்மா. கொழாயை எடுத்துட்டு உங்க கையில தரட்டுமா? இல்ல, இன்னுங்கொஞ்சம் பொறுக்கவா? நீங்க சொல்லுங்க.”

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். “என்ற வாயால எப்படிங்க சொல்லுவேன்? நீங்க படிச்சவங்க. நீங்களே செய்யுங்க, எங்கிட்டக் கேக்காதீங்க.”

“கேக்காமச் செய்யக் கூடாதும்மா.”

வெகு நேரம் கழித்து அவள், “குடுங்க” என்றாள். குழந்தையை அவள் மடியில் வைத்தார்கள். அவள் அதன் தலைக்குல்லாயைக் கழற்றி முடியை நீவினாள். முடி நிறைய இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அதன்பிறகுதான் அவள் கத்தினாள். “என்னையச் சொல்ல வெச்சுட்டீங்களே! எம்புள்ளையக் கொல்லச் சொல்லி என்ற வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்களே!” வார்டு முழுக்க எதிரொலித்தது. டாக்டர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை. அவள் கணவன் வந்து, “போயிருங்க மேடம்” என்று சொன்ன பிறகுதான் போனார்.

மறுநாள் மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். வாங்கிய தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

“அவங்ககிட்டக் கேட்டிருக்கக் கூடாதோ?” என்றார்.

“நானா இருந்தாலும் உங்களைத் திட்டியிருப்பேனுங்க” என்றேன். அவர் தலையை ஆட்டினார். “கேக்காம விட்டிருந்தா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

தர்ஷினியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆராய்ச்சியில் சேர்ந்த குழந்தைகளை அவ்வப்போது வரச்சொல்லி, கழுத்து நிற்கிறதா, பார்வை தொடர்கிறதா, கையை நீட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கைக்குழந்தையோடு பஸ்ஸில் வர முடியாதவர்களின் வீட்டுக்கு அவரே போவார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது தொழுவத்துக் கன்றுக்குட்டியிடம்கூட, “தடவட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் தடவினார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். “இந்த டாக்டரம்மா ஒரு மாதிரிதான் அம்மிணி. ஆனா நல்ல மாதிரி” என்றார்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குளிப்பாட்டும்போது கால்கள் இரண்டும் கத்திரி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிரித்து விட்டால் மறுபடி ஏறின. அடுத்த முறை வீட்டுக்கு வந்த டாக்டர் அவளைப் பாயில் கிடத்தி, பாதத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கைகழுவி வந்தார்.

“இப்பச் சொல்லட்டுமா? இல்ல அவங்கப்பா வயல்லேருந்து வந்தப்பறம் சொல்லட்டுமா?”

“இப்பவே சொல்லுங்க.”

சொன்னார். மூளையில் காலுக்கான இடத்தில் சேதம் இருக்கிறது. பேச்சும் புத்தியும் நன்றாக வரலாம். நடப்பதற்கு வெகு காலமாகும், துணையில்லாமல் நடப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது. பயிற்சிகளைக் காட்டிக் கொடுத்தார். கவலைப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

“எனக்கு ஏறுனது மருந்துங்களா, உப்புத்தண்ணியா?” என்று கேட்டேன்.

“எனக்கும் தெரியாதும்மா. எல்லாக் கொழந்தையையும் பாத்து முடிச்ச பொறவுதான் யாருக்கு எதுன்னு எழுதி வெச்ச உறையைப் பிரிப்பாங்க. தெரிஞ்ச அன்னைக்கு நானே வந்து சொல்லுதேன்.”

சில வருடங்கள் கழிந்தன. நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் அவளுடைய கால்களில் எண்ணெய் தேய்க்கும்போது அந்தக் கேள்வி கூடவே இருந்தது. உப்புத்தண்ணீராகத்தான் இருந்திருக்கும், மருந்து ஏறியிருந்தால் இவள் ஓடியிருப்பாள் என்று ஒரு நாள் நினைப்பேன். அந்த மருந்துதான் இவளை இப்படி ஆக்கிவிட்டதோ என்று இன்னொரு நாள் நினைப்பேன்.

சொன்னபடி அவர் வந்தார். மாமரத்தில் பூ நிறைந்திருந்த காலம். பஸ்ஸிலிருந்து இறங்கி, வரப்பு வழியாக நடந்து வந்தார். தர்ஷினி வாக்கரைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தாள். என் கணவரும் வீட்டில் இருந்தார். அத்தை காப்பி போட எழுந்தபோது, “பொறவு குடிக்கேன், முதல்ல சொல்லிருதேன்” என்றார்.

“உங்களுக்கு ஏறுனது மருந்துதான்” என்றார் என்னிடம். “அந்த மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. அது ஏறுன கொழந்தைகளும் ஏறாத கொழந்தைகளும் ஒண்ணு போலத்தான் இருக்காங்க. கெடுதலும் இல்ல. தர்ஷினிக்குக் காலு இப்படி ஆனது அதனால இல்ல.”

அத்தைதான் கேட்டார். “அப்பறம் எதுக்குங்க இத்தனையும்?”

“இனிமே எந்தத் தாய்க்கும் அதைக் குடுக்க மாட்டோம்மா. வேற ஒண்ணு தேடணும்.”

என் கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் அதிர்ந்து பேசுகிறவர் அல்ல. “இதைச் சொல்றதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? போன்ல சொன்னா ஆகாதுங்களா? எம்புள்ள கால வெச்சு ஒண்ணுமில்லாததக் கண்டுபுடிச்சீங்க. இனி எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க.”

டாக்டர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். படியிறங்கும் முன் வழக்கம்போல என் மகள் அருகில் குனிந்து, “போகட்டுமா பாப்பா?” என்று கேட்டார்.

தர்ஷினி, “வேண்டாம்” என்றாள்.

அவர் என்ன செய்வதென்று அறியாமல் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கணவர் வயலுக்குப் போய்விட்டார். அவர் போன திசையைப் பார்த்தபடி டாக்டர் அழுதார். தர்ஷினி வாக்கரை நகர்த்தி அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள். அத்தை காப்பி கொண்டுவந்தார். நான்தான் பஸ் வரைக்கும் கூடப் போனேன். “ஒவ்வொரு ஊட்டுக்கும் இப்படிப் போறீங்களா?” என்று கேட்டேன். “சம்மதம் கேட்டு வாங்கினது நான்தானே” என்றார்.

கொழிஞ்சாம்பாறைக்கும் போனாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் வார்டு சிஸ்டர் ஒருவர் போன் செய்தார். சொந்த ஊரான சாந்தன்பாறைக்கு லீவில் போனவருக்கு எலிக்காய்ச்சல் கண்டதாம். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார்கள். மலையை விட்டு இறக்குவதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டதாம், காப்பாற்ற முடியவில்லையாம்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று தர்ஷினிதான் பிடிவாதம் பிடித்தாள். மழை விட்டு ரோடு சரியான பிறகு, உடுமலை, மூணாறு வழியாகக் காரில் போனோம். என் கணவரே ஓட்டினார். ஏன் வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி ஒரு சின்ன வீடு. அவருடைய அம்மா வாசலுக்கு வந்தார். தோட்டத்தில் காய் பறித்துக் கறுத்துப்போன விரல்கள். நாங்கள் யாரென்று சொன்னதும் தர்ஷினியின் ஊன்றுகோல்களைப் பார்த்தார். “எம் மக பாத்த புள்ளையா?” என்றார். உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளறையில் பாயில் ஒரு ஆள் படுத்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கைகள் மார்போடு மடங்கியிருந்தன, கால்கள் கத்திரி போட்டிருந்தன. நான் தினமும் எண்ணெய் தேய்த்துப் பிரித்துவிட்ட அதே கத்திரி. அவர் தலையை மட்டும் திருப்பி எங்கள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“இவன் அவளுக்கு நேரே எளையவன்” என்றார் அம்மா. “வலி வந்து ஜீப்புல கொண்டுபோனாக. வழியெல்லாம் சேறு. எறங்குறதுக்குள்ள புள்ள பாதி வெளிய வந்துட்டான். அழவே இல்ல. ஆஸ்பத்திரியில யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் சொல்லல. மாசக்கணக்காக் கழுத்து நிக்கலன்னு நானாத்தான் கண்டுபிடிச்சேன்.”

எத்தனை முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். தம்பி இருப்பதாக ஒரு சொல் சொன்னதில்லை.

“அக்காவைத் தேடுதான். மாசாமாசம் வருவா, அதான் வாசலையே பாக்கான். ‘அவனுக்கு என்ன புரியும், சொல்லி என்ன ஆகப்போகுது’ன்னு எல்லாரும் சொல்லுதாக. நானும் சொல்லல.”

தர்ஷினி ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கையைப் பிடித்துப் பாய் ஓரமாக உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார்.

“சொல்லிப்போடுங்க பாட்டி” என்றாள் தர்ஷினி. “சொல்லாட்டி இவரு தேடிட்டேதான இருப்பாரு?”

அந்த அம்மா பாயில் உட்கார்ந்து மகனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார்.

“ராசா, அக்கா இனி வர மாட்டாடா. காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டாடா. அம்மா ஓங்கிட்டச் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் அம்மாவின் வாயையே பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உதடுகள் கோணின. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மெதுவாகத் தொடங்கி உடம்பையே உலுக்குகிற சத்தம். மடங்கிய கை அம்மாவின் சேலையைப் பற்ற முயன்று நழுவியது. என் கணவர் வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா மகனின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். “எம் மவளை அடக்கம் பண்ணுனப்பக்கூட நான் அழலம்மா” என்றார், நிமிராமலே. “அழுதா இவனுக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு, அழாமலே இருந்துட்டேன்.”